கட்டங்களுக்குள் லயம்: தாள இயந்திரமும் புதுக்கோட்டைக் கணக்கும்

சிந்தசைசரிலோ டிரம் மெஷினிலோ தாளக்கட்டு அமைப்பது என்பது, காலத்தைச் சமமான கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்த ஒலி எவ்வளவு அழுத்தத்தோடு விழவேண்டும் என்று கருவிக்குச் சொல்லிவைப்பது. பெரும்பாலான கருவிகளின் முகப்பில் 16 பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பொத்தானும் ஒரு ஸ்டெப். கிக் ஒலியைத் தேர்ந்துகொண்டு 1, 5, 9, 13 ஆகிய பொத்தான்களை அழுத்தி, 5-லும் 13-லும் ஸ்னேரைச் சேர்த்து, ஒற்றைப்படைக் கட்டங்களில் ஹைஹாட்டை வைத்தால் உலகம் முழுக்கத் தெரிந்த டிஸ்கோ நடை கிடைத்துவிடும். கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

ஆனால் இந்த 16 என்ற எண் இயற்கையாக வந்ததல்ல. நான்கு தட்டு, தட்டுக்கு நான்கு பிரிவு என்ற மேற்கத்திய நடன இசையின் வழக்கம் அந்தப் பொத்தான்களில் உறைந்திருக்கிறது. மூன்றும் ஐந்தும் ஏழும் ஒன்பதும் நடைகளாகப் புழங்கும் தமிழ்நாட்டுத் தாளங்கள் இந்தக் கட்டங்களுக்குள் எந்த அளவுக்கு அடங்கும், எங்கே முரண்டு பிடிக்கும், முரண்டு பிடிக்கும் இடத்தில் என்ன செய்யலாம் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

இந்தக் கேள்வியைப் புதுக்கோட்டை மண்ணிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1948-இல் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை தொண்டைமான்கள் ஆண்ட இந்தச் சீமை, கர்நாடக இசையில் லயக் கணக்குக்குப் பேர்போனது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய கருவியாக நிலைநிறுத்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் கொடிகட்டினார். பழனி முத்தையா பிள்ளை வழியாக அவர் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை வரை நீண்ட அந்த வழி, இன்றும் 'புதுக்கோட்டைப் பாணி' என்றே வழங்குகிறது. மறுபுறம், வல்லத்திராக்கோட்டை போன்ற இம்மாவட்டத்து ஊர்களில் கோயில் திருவிழா என்றால் தப்பு, உறுமி, தவில் ஆகியவற்றின் முழக்கமும் உண்டு. இரவு மேடையில் கீபோர்டும் ரிதம் பேடும் வைத்த ஆர்கெஸ்ட்ராவும் உண்டு. கணக்கு வழிந்த மரபும், கட்டைவிரலால் பொத்தானை அழுத்தும் புதிய பழக்கமும் ஒரே மண்ணில் இருக்கின்றன.

இயந்திரத்தின் கதை சுருக்கமானது. 1959-இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் 'சைட்மேன்' என்ற கருவியை விற்கத் தொடங்கியது. ஆர்கன் வாசிப்பவருக்குத் துணையாக, முன்பே பதிந்துவைத்த சில தாளங்களை அது ஒலித்தது. புதிதாக எதையும் அதில் அமைக்க முடியாது. ஜப்பானின் ரோலண்ட் 1978-இல் கொண்டுவந்த சிஆர்-78, பயனரே தாளத்தைப் பதிந்துவைக்க இடம் கொடுத்தது. 1980-இல் இரண்டு பெரிய மாற்றங்கள் ஒன்றாக வந்தன. ரோஜர் லின்னின் எல்எம்-1, உண்மையான டிரம் ஒலிகளைப் பதிவுசெய்து சில்லுகளில் வைத்திருந்தது. ரோலண்டின் டிஆர்-808 மின்சுற்றிலேயே ஒலியை உருவாக்கியது. 16 பொத்தான் வரிசை பரவலாக மனத்தில் பதிந்ததும் இந்த டிஆர்-808-ஆல்தான். 1983-இல் மிடி என்ற பொது மொழி வந்தபின், ஒரு நிறுவனத்தின் கருவி இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு காலம் தவறாமல் சேர்ந்து ஓடத் தொடங்கியது.

இந்தியாவில் இதன் துணிச்சலான முயற்சி ஒன்று மும்பையில் நடந்தது. திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் டிஆர்-808, டிபி-303, ஜூபிட்டர்-8 ஆகிய மூன்று ரோலண்ட் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக்கினார். அப்போது யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபோதுதான், எலக்ட்ரானிக் நடன இசையின் போக்கைச் சில ஆண்டுகள் முந்திக்கொண்ட படைப்பு என்று உலகம் வியந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் ராகம் இந்தியாவுடையது, தாளமோ முழுக்க நான்கின் பெருக்கம். இயந்திரம் தந்த கட்டத்தை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார்.

நான்கோடு பொருந்தும் தாளங்களுக்குச் சிரமமே இல்லை. ஆதி தாளத்தின் 8 அட்சரங்களை, அட்சரத்துக்கு 4 மாத்திரை வீதம் பிரித்தால் 32 கட்டம். 16 கட்டத் தாளக்கட்டு இரண்டைச் சேர்த்தால் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, முடிந்துவிடும். டிஆர்-808-இலேயே முதற்பகுதி, இரண்டாம் பகுதி என்று 32 கட்டம் வரை போகலாம் என்பதால், அதன் ஒரு நினைவிடத்தில் ஓர் ஆவர்த்தனம் அப்படியே உட்காரும். மூன்று தட்டாகப் போடும் ரூபகத்துக்கு 12 கட்டம். ரூபகம் போல 16-இல் முடியாதவற்றுக்குக் 'கடைசி ஸ்டெப்' என்ற வசதி வேண்டும். அதாவது, வரிசை எந்தக் கட்டத்தோடு முடிந்து மறுபடி ஒன்றுக்குத் திரும்பவேண்டும் என்று குறிப்பது. கண்ட சாபுவை 'தக தகிட' என்று 2+3 ஆகச் சொல்லி, எழுத்துக்கு இரண்டு கட்டம் கொடுத்தால் 10 கட்டம். மிஸ்ர சாபுவை 'தகிட தக திமி' என்று 3+2+2 ஆக வைத்தால் 14 கட்டம். அழுத்தம் 1, 7, 11 ஆகிய கட்டங்களில் விழும். மீதமுள்ள இரண்டு பொத்தான்கள் சும்மா கிடக்கும்.

தீர்மானம் அமைக்கும்போது கட்ட எண்கள் பெரும் துணையாகின்றன. 'ததிங்கிணதொம்' என்ற ஐந்தெழுத்துச் சொற்கட்டை மூன்று முறை, நடுவே இரண்டு கட்டக் கார்வை (இடைவெளி) விட்டு வாசித்து ஆதி தாளத்தின் சமத்தில் (முதல் தட்டில்) கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 5+2+5+2+5 சேர்ந்தால் 19. 32-இல் கடைசி 19 கட்டங்கள் இதற்கு வேண்டும். ஆகவே 14-ஆம் கட்டத்தில் எடுக்க வேண்டும். முதல் முறை 14 முதல் 18 வரை, இரண்டாவது 21 முதல் 25 வரை, மூன்றாவது 28 முதல் 32 வரை. அடுத்து வரும் 1-ஆம் கட்டம் சமம். கையால் தாளம் போட்டுப் பழகியவர் மனத்துக்குள் செய்யும் கணக்கு, பொத்தான் வரிசையில் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. கொன்னக்கோல் கற்கும் சிறுவருக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட ஓர் இயந்திரத்தில் விளக்குகளாக எரியவிட்டுக் காட்டினால் சீக்கிரம் புரியும்.

இன்னொரு வளமான பகுதி, வெவ்வேறு நீளமுள்ள தடங்களை ஒன்றாக ஓடவிடுவது. அர்டூரியாவின் டிரம்ப்ரூட் (2016), எலெக்ட்ரானின் டிஜிடாக்ட் (2017), ரோலண்டின் டிஆர்-8எஸ் (2018) போன்ற கருவிகளில் ஒவ்வொரு ஒலித்தடத்துக்கும் தனித்தனியாகக் கடைசி ஸ்டெப் வைக்கலாம். மிருதங்கத் தடம் 32 கட்டத்தில் ஆதி தாளமாக ஓட, கஞ்சிராத் தடத்தை 14 கட்டத்தில் மிஸ்ரமாக ஓடவிட்டால், இரண்டும் 224 கட்டம் கழித்து, அதாவது ஏழு ஆவர்த்தனம் முடிந்து, ஒரே சமத்தில் சந்திக்கும். கஞ்சிராவைக் கண்டமாக 10 கட்டத்தில் வைத்தால் 160 கட்டத்தில், ஐந்தே ஆவர்த்தனத்தில் சந்திப்பு நிகழும். மேற்கத்திய வாசிப்பில் இது புதுமையாகப் பேசப்படுகிறது. தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பழகிய இடம்தான்.

குத்துத் தாளத்தில் சிக்கல் வேறு வகையானது. அதன் உயிர் திஸ்ரத்தில், அதாவது மூன்றின் நடையில், இருக்கிறது. 'டண்டணக்கா' என்ற வாய்ச்சொல்லை ஆறு கட்டத்தில் பரப்பினால் ட(ண்) 1-இல் தொடங்கி இரண்டு கட்டம் நிற்கும்; ட 3-இல்; ண(க்) 4-இல் தொடங்கி இரண்டு கட்டம்; கா 6-இல். 1-ஐயும் 4-ஐயும் தப்பின் அடிக்குச்சிக்கும், 3-ஐயும் 6-ஐயும் மெல்லிய சிம்புக்குச்சிக்கும் கொடுத்து, அதை இருமுறை வைத்துக் கடைசி ஸ்டெப்பை 12 என்று குறித்தால் அடிப்படை நடை கிடைக்கும். வேகத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இயந்திரம் தட்டுக்கு நான்கு கட்டம் என்று எண்ணுகிறது. இங்கோ தட்டுக்கு மூன்று கட்டம். காதுக்கு நிமிடத்துக்கு 128 தட்டு வேண்டும் என்றால், இயந்திரத்தில் முக்கால் பங்கு, 96 என்று வைக்கவேண்டும்.

இதே நடையை ஸ்விங் என்ற வசதி மூலமும் அணுகலாம். இரட்டைப்படைக் கட்டங்களைச் சற்றே தாமதப்படுத்தும் இந்த முறையை டிரம் இயந்திரத்துக்குக் கொண்டுவந்தவர் ரோஜர் லின். 50 விழுக்காடு என்றால் இரு கட்டங்களும் சமம். 66-க்கு வந்தால் முதல் கட்டம் இரண்டாவதைப் போல இருமடங்கு நீண்டு, ஏறத்தாழ திஸ்ரமாகிவிடும். 54-க்கும் 62-க்கும் இடைப்பட்ட மதிப்புகள்தாம் கவனத்துக்கு உரியவை. கிராமத்து வாசிப்பில் அடி சதுஸ்ரத்துக்கும் (நான்கின் நடை) திஸ்ரத்துக்கும் நடுவே மிதக்கும் தருணங்கள் நிறைய. தப்பில் சாமிச்சாட்டு அடியிலிருந்து மருளடிக்கு மாறும்போது வேகம் மட்டும் ஏறுவதில்லை. அடிகளுக்கு இடைப்பட்ட விகிதமும் நெகிழ்கிறது. கண்டிப்பான 12 கட்டத்தில் அமைத்த குத்து விறைப்பாக ஒலிப்பதற்குக் காரணம் இதுவே. ஸ்விங்கைக் காதால் கேட்டு நகர்த்திப் பார்ப்பதுதான் வழி. எண்ணை முன்கூட்டியே சொல்லிவிட முடியாது.

தட்டுக்குள்ளேயே ஐந்தும் ஏழும் வரும் நடைகளுக்கு இயந்திரத்தின் உட்கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். மிடி கடிகாரம் ஒரு தட்டுக்கு 24 துடிப்பு அனுப்புகிறது. 24-ஐ 2, 3, 4, 6, 8 ஆல் வகுக்கலாம். 5 ஆலும் 7 ஆலும் மீதியின்றி வகுக்க முடியாது. கண்ட நடையில் ஒவ்வோர் அடியும் 4.8 துடிப்பில் விழவேண்டும். கருவி அதை அருகிலுள்ள முழுத் துடிப்புக்கு இழுத்தால், நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் 8 மில்லி விநாடி வரை பிசகும். பயின்ற காது இதை உணரும். தட்டுக்கு 96 துடிப்பு எண்ணும் கருவிகளில் அதே பிசகு சுமார் 2 மில்லி விநாடியாகக் குறைந்துவிடுவதால் பிரச்சினை இல்லை. 480 என்றால் கண்டம் மீதியின்றி அமையும். மிஸ்ர நடை அப்போதும் மீதி வைக்கும். ஐந்துக்கும் ஏழுக்கும் ஒருசேர இடம் தர 840 போன்ற எண் வேண்டும்.

கருவியை மாற்றாமலே இதைத் தாண்ட ஒரு நல்ல வழி இருக்கிறது: கட்டத்தையே மாத்திரையாக வைத்து, வேகத்தை மாற்றுவது. நிமிடத்துக்கு 80 தட்டில் கண்ட நடை என்றால் நிமிடத்துக்கு 400 மாத்திரை. தட்டுக்கு நான்கு கட்டம் என எண்ணும் இயந்திரத்தில் வேகத்தை 100 என்று வைத்தால் அதே 400 கட்டம் கிடைக்கும். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் இப்போது 40 கட்டம். 10 கட்டத் தாளக்கட்டு நான்கை அடுத்தடுத்து ஓடவிட்டால் போதும். ஒரே குறை, கருவியின் மெட்ரோனோம் ஒலி தவறான இடத்தில் விழும். அதை நிறுத்திவிட்டு, தாளத் தட்டுக்கென்று தனியாக ஒரு தடம் ஒதுக்கவேண்டும்.

கணக்கு சரியாக அமைந்தபின் ஒலி. 1991-இல் வந்த ஜெனரல் மிடி தரம், தாள ஒலிகளுக்காக 10-ஆம் சேனலை ஒதுக்கி 35 முதல் 81 வரை 47 எண்களுக்கு ஒலிகளை வரையறுத்தது. 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹைஹாட், 46 திறந்த ஹைஹாட். பாங்கோ, காங்கா, அகோகோ, சம்பா விசில் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மிருதங்கம் இல்லை, தவில் இல்லை, தபேலாவும் இல்லை. லத்தீன் அமெரிக்கத் தாளவாத்தியங்களுக்குக் கிடைத்த இடத்தில் ஒரு பங்குகூட இந்தியத் தோல் கருவிகளுக்குக் கிடைக்கவில்லை என்பது அந்தத் தரத்தின் பெருங்குறை. இந்தியாவில் விற்கும் கீபோர்டுகளில் நிறுவனங்கள் தனியே டோன்களைச் சேர்த்துக் கொடுப்பதற்கும், கலைஞர்கள் தாங்களே டோன்களை ஏற்றிக்கொள்வதற்கும் இந்தக் குறையும் ஒரு காரணம்.

பதிவு ஒலி இல்லாமல் சிந்தசைசரிலேயே நம் கருவிகளின் ஒலியைச் செய்யலாமா? செய்யலாம், ஆனால் மேற்கத்திய டிரம்முக்கான வழி இங்கே உதவாது. வெறும் தோல் கட்டிய டிரம்மின் மேற்சுரங்கள் 1, 1.59, 2.14 என்று ஒழுங்கற்ற விகிதத்தில் வருவதால் அதில் தெளிவான சுருதி கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) இடும் கரணை என்ற கருஞ்சாந்து இதை மாற்றிவிடுகிறது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1920-இல் நேச்சர் இதழிலும், பின்னர் 1934-இல் விரிவாகவும் இதை விளக்கினார்: கரணையின் எடை தோலின் அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதங்களுக்குக் கொண்டுவருகிறது. ஆகவே வலந்தலை ஒலிக்கு, கம்பி வாத்தியத்துக்குப் பயன்படும் முழு எண் மேற்சுரங்களை எடுத்துக்கொண்டு, விரைந்து தேயும் வீச்சு கொடுக்கவேண்டும். கரணை இல்லாத தப்புக்கு ஒழுங்கற்ற மேற்சுரங்களும், தொடக்கத்தில் இரைச்சல் வெடிப்பு ஒன்றும் வேண்டும்.

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கிக்கு மற்றொரு நுட்பம். 808 வகை கிக் ஒலியில் சுருதி மேலிருந்து கீழே விழுந்து தேயும். கும்கியில் மணிக்கட்டு தோலை அழுத்துவதால் சுருதி கீழிருந்து மேலே எழும். சுருதி மீதான என்வலப்பின் திசையைத் தலைகீழாகத் திருப்பி, எழுச்சி நேரத்தைக் கால் விநாடிக்குள் வைத்தால் கும்கியின் சாயல் வந்துவிடுகிறது. உறுமியின் முனகலுக்கும் இதே திசைதான். ஆனால் அது வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் ஒலி என்பதால், சுருதி எழுச்சியோடு வடிகட்டிய இரைச்சலும் தொடர்ந்து கலந்திருக்க வேண்டும். ஜெனரல் மிடியின் 78, 79-ஆம் எண்களில் இருக்கும் குயிக்கா என்ற பிரேசில் கருவியும் தேய்ப்பு முறையில் ஒலிப்பது. வேறு வழியில்லாத மேடையில் உறுமிக்கு நெருக்கமான உறவினர் அதுவே.

ஒலி கிடைத்தாலும் உயிர் கிடைக்க, அடிகளின் வலிமை வேறுபட வேண்டும். 808-இல் ஒரு கட்டத்துக்கு அழுத்தம் கொடுத்தால் அக்கட்டத்தில் விழும் எல்லா ஒலிகளுமே உரக்க ஒலிக்கும். மிடி கருவிகளில் ஒவ்வோர் அடிக்கும் 1 முதல் 127 வரை வலிமை தரலாம். 'தகதிமி' என்ற நான்கெழுத்தை ஒரே 100-இல் வைத்தால் செத்த ஒலி. 110, 55, 85, 60 என்று ஏற்ற இறக்கத்தோடு வைத்தால் சர்வலகு என்ற சீரான ஓட்டம் நகரத் தொடங்கும். ஒரே பதிவு ஒலி திரும்பத் திரும்ப விழாமல் ஒரே சொல்லுக்கு மூன்று நான்கு பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்வதும், மூடிய அடி விழுந்ததும் முந்தைய நாதம் நிற்கும்படி இரண்டையும் ஒரே 'சோக்' குழுவில் சேர்ப்பதும் கட்டாயம்.

தமிழ்த் திரையிசையில் இந்த வித்தை நிலைபெற்றது 1986-க்குப் பின். அந்த ஆண்டு வந்த இளையராஜாவின் 'புன்னகை மன்னன்' கணினி வழி இசை என்று பரவலாகப் பேசப்பட்டது. 1992-இல் 'ரோஜா'வோடு வந்த ஏ.ஆர். ரஹ்மான், இயந்திரத் தாளத்தோடு கையால் வாசித்த தாளவாத்தியங்களை அடுக்கும் முறையை வழக்கமாக்கினார். 'கிழக்குச் சீமையிலே' (1993), 'கருத்தம்மா' (1994) போன்ற கிராமத்துக் கதைகளிலும் அந்த அடுக்கு நன்றாக ஒத்துப்போனது. விஜய் ஆண்டனியின் 'நாக்க முக்க' (2008) வந்தபோது குத்தும் இயந்திரமும் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டிருந்தன.

மேடையில் நடந்தது வேறு. 1985-இல் வந்த ரோலண்ட் ஆக்டோபேடும், பின்னால் வந்த எஸ்பிடி-20 போன்ற பேடுகளும், குச்சியால் அடித்து வாசிக்கும் எட்டுத் தட்டுகளைக் கொண்டவை. தபேலா, டோலக், தும்பா, பாங்கோஸ் என்று நாலைந்து பேர் உட்கார்ந்த இடத்தில் பேட் வாசிக்கும் ஒருவர் போதும் என்று ஆனது. திருவிழாக் குழுவின் செலவு குறைந்தது. வாசிப்போரின் பிழைப்பும் சுருங்கியது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பேட் வாசிப்பவர் கையால் வாசிக்கிறார். பாடகர் இழுத்தால் இழுப்பார், கூட்டம் எழுந்து ஆடினால் வேகம் கூட்டுவார். முன்பே அமைத்த தாளக்கட்டால் அது முடியாது. தாளவாத்தியக்காரர் இல்லாமல் கீபோர்டின் ஸ்டைலை (தானே ஓடும் துணைத் தாளத்தை) மட்டும் ஓடவிட்டு நடத்தும் கச்சேரிகள் தட்டையாக இருப்பதற்குக் காரணம், கருவியின் தரம் அல்ல, எதிரே இருப்பவரைக் கேட்கும் ஒருவர் அங்கே இல்லாததே. இயந்திரத்தில் தாளம் அமைப்பது பாடம் கற்கவும், பாட்டு அமைக்கவும், பதிவு செய்யவும் சிறந்த வழி. திருவிழா மேடையில் அது துணைக்கு நிற்கலாம், முன்னே நிற்கக் கூடாது.

இந்தத் தாளங்களுக்காகக் கருவி வாங்குபவர் ஒலிகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒவ்வொரு தடத்துக்கும் தனிக் கடைசி ஸ்டெப் வைக்க முடிகிறதா, ஒரு தனி அடியைக் கட்டத்திலிருந்து முன்னும் பின்னும் நகர்த்த முடிகிறதா, சொந்தமாகப் பதிந்த ஒலியை ஏற்ற முடிகிறதா என்ற மூன்றையும் கடையிலேயே சோதித்துப் பார்க்கவேண்டும். மூன்றாவது வசதி இருந்தால், ஊர்த் தப்புக் கலைஞரையும் தவில் வித்துவானையும் அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, அவர்கள் கையாலேயே அடியடியாகப் பதிந்துகொள்ளுங்கள். தோலைத் தீயில் காய்ச்சிய உடனே ஒருமுறையும், சுருதி இறங்கியபின் ஒருமுறையும் பதிவது நல்லது.